வேலியிலிருந்து கடைக்கு: சிராங்கூன் சாலைத் தமிழரின் சளி, காய்ச்சல் மருந்துகள் – ஒரு வரலாற்று நோக்கு

சளி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் மருத்துவத்தைக் கைமருத்துவம், பாட்டி வைத்தியம், வீட்டு வைத்தியம், நாட்டு மருந்து எனத் தமிழர் பலவாறு வழங்குவர். இப்பெயர்களை ஒருசேர வைத்து நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். கை, பாட்டி, வீடு, நாடு என்னும் இச்சொற்களுள் ஒன்றிலேனும் கடை என்பதற்கு இடமில்லை. கொல்லையிலும் வேலியிலும் தானே வளர்ந்து கிடப்பதைப் பறித்து, வீட்டு அடுப்பில் காய்ச்சி, முதியவள் கையால் புகட்டப்படுவதே இம்மருத்துவம் என்னும் எண்ணம் நம் சொற்களிலேயே படிந்திருக்கின்றது.

கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த தமிழரிடம் கொல்லையும் இல்லை, வேலியும் இல்லை. பலரிடம் பாட்டியும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கு வந்த தமிழருள் பெரும்பான்மையினர் தனித்து வந்த ஆடவர் என்பது நாம் அறிந்ததே. தொழிலாளர் வரிசை வீடுகளிலும் கடைகளின் மாடிகளிலும் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகப் படுத்துறங்கிய ஒருவனுக்குச் சளி பிடித்தபோது மருந்து எங்கிருந்து வந்தது? அதனைக் காய்ச்சிக் கொடுத்தவர் யார்? இவ்வினாக்களைச் சிராங்கூன் சாலையை மையமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீட்டு மருந்து இங்கே கடைச் சரக்காக மாறியது என்பதும், அம்மாற்றம் எந்த மருந்து நிலைக்கும், எது மறையும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது என்பதும் நம் கருத்து.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். நோயைப் பற்றிய ஆவணங்கள் சிங்கப்பூரில் மிகுதி. குடியேற்ற அரசு இறப்புகளை எண்ணியது; மருத்துவமனைகள் ஆண்டறிக்கை வெளியிட்டன; 1874-இல் திறக்கப்பட்ட செயிண்ட் ஜான்ஸ் தீவு நோய்த்தடுப்பு நிலையத்தில் கப்பலில் வந்தோர் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். தமிழ் இதழியலும் இங்கு முன்னதாகவே வேரூன்றியது. 'சிங்கை நேசன்' 1887-இலும் 'தமிழ் முரசு' 1935-இலும் தோன்றின. எனினும் அடுப்பங்கரையில் காய்ச்சிய கஷாயத்துக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. ஆகவே பொருள்களின் பெயர்கள், கடைகளின் சரக்கு, உணவுப் பழக்கம் ஆகியவற்றையே நாம் சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. வரலாற்றாசிரியர் இவற்றைச் சிறு சான்றுகளாக எண்ணுவது வழக்கம். இப்பொருளைப் பொறுத்தவரை இவையே பெருஞ்சான்றுகள்.

பச்சிலையும் காய்ந்த சரக்கும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சளிக்கும் காய்ச்சலுக்கும் வழங்கிய மருந்துகளை இரு கூறாகப் பிரிக்கலாம். ஒன்று பச்சிலை. ஆடாதோடை, நொச்சி, தூதுவளை, துளசி, கற்பூரவல்லி, முசுமுசுக்கை, வெற்றிலை முதலியன இதனுள் அடங்கும். தூதுவளையை ரசமாகவும் துவையலாகவும் உண்பர். ஆடாதோடை இலையைக் காய்ச்சித் தேன் கலந்து அருந்துவர். நொச்சியிலையைக் கொதிநீரில் இட்டு, போர்வையால் மூடிக்கொண்டு வேது பிடிப்பர். மற்றொன்று காய்ந்த சரக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, மஞ்சள், ஓமம் ஆகியன அஞ்சறைப்பெட்டியிலோ அதன் அருகிலோ எப்போதும் இருப்பவை.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். நல்லாதனார் தம் நூலுக்கு இம்மருந்தின் பெயரையே சூட்டினார். பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகியனவும் மருந்தால் பெயர் பெற்றவையே. ஒரு நூலுக்குப் பெயராக வைக்கும் அளவுக்கு மக்கள் அறிந்திருந்த மருந்துக் கூட்டு இது என்பதை நாம் உணர வேண்டும். மருத்துவன் மட்டும் அறிந்த மறைபொருளின் பெயரால் அறநூலைப் பரப்ப இயலாது.

இவ்விரு கூறுகளுள் கப்பலேறக் கூடியது எது? நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்துசேர்வதற்குள் பச்சிலை வாடிவிடும். சுக்குக்கோ மிளகுக்கோ ஆண்டுக்கணக்கில் கேடில்லை. மூட்டை கட்டலாம், எடை போடலாம், கடனுக்கு விற்கலாம். எனவே சிராங்கூன் சாலையின் மருத்துவம் தொடக்கத்திலிருந்தே காய்ந்த சரக்கின் மருத்துவமாக அமைந்தது. தூதுவளையும் முசுமுசுக்கையும் இங்குப் பிறந்த தலைமுறையினர் பலருக்குப் பெயரளவிலும் தெரியாமற் போயினமைக்கு மறதியை மட்டும் காரணம் கூறுதல் பொருந்தாது. அவை கடைக்கு வரவில்லை என்பதே முதற்காரணம்.

தேக்காவும் மளிகைக் கடைகளும்

சிராங்கூன் சாலையின் வளர்ச்சியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஈண்டு வேண்டியவற்றை மட்டும் கூறுவோம். மாட்டு வணிகமே இப்பகுதிக்கு உயிர்நாடியாக இருந்தது. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் எருமைப் பட்டியைக் குறிப்பது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்களும் அதனை நினைவூட்டுகின்றன. 1915-இல் கட்டப்பட்ட சந்தையைத் தமிழரும் தேக்கா என்றே வழங்கினர். மூங்கிலின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். பழைய சந்தை 1982-இல் இடிக்கப்பட்டு, சாலையின் மறுபுறம் புதிய கட்டடம் எழுந்தது. அதற்குச் சூட்டப்பட்ட சூஜியாவ் என்னும் மாண்டரின் பெயர் மக்கள் நாவில் நிற்காமல், 2000-இல் தேக்கா என்பதே மீண்டும் அதிகாரப் பெயராயிற்று.

மாடுகள் இருந்த இடத்தில் பாலும் இருந்தது. மஞ்சளும் மிளகும் இட்டுக் காய்ச்சிய பால் சிராங்கூன் தமிழருக்கு எளிதிற் கிட்டியதற்கு இதுவே காரணம் எனலாம். 1930களில் மாட்டுத் தொழில் இப்பகுதியை விட்டு அகலத் தொடங்கிய பின்னரும் பால்காரர்கள் நெடுங்காலம் இங்கே இருந்தனர்.

கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட், கஃப் சாலை ஆகியவற்றில் மளிகைக் கடைகளும் மாவு, மசாலை அரைக்கும் ஆலைகளும் தோன்றின. இக்கடைகள் சமையலுக்கும் மருந்துக்கும் எல்லை வகுக்கவில்லை. கொத்தமல்லி மூட்டைக்கு அருகிலேயே அதிமதுரமும் கடுக்காயும் வசம்பும் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய மருந்துச் செலவு முழுவதையும் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமலேயே ஒரு பொட்டலமாக வாங்கிவிடலாம். வாங்க வருபவருக்கு அளவு தெரியாவிடில் கடைக்காரரே கூறுவார். ஊரில் பாட்டி வகித்த இடத்தை இங்கு ஓரளவேனும் மளிகைக் கடைக்காரர் வகித்தார் என்பது நம் கருத்து. ஆடவர் மிகுந்த குடியேற்றத்தில் அது இயல்பானதே.

இச்சரக்கு அனைத்தும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுதல் தவறு. சித்தரத்தை தென்சீனத்தைத் தாயகமாகக் கொண்டது. கடல் வணிகத்தால் தமிழகம் சேர்ந்து, தமிழ் மருத்துவத்துள் கலந்து, தமிழ்ப் பெயரும் பெற்றது. சிராங்கூன் சாலைத் தமிழர் அதனை நாட்டு மருந்தென வாங்கும் அதே வேளையில், சில தெருக்களுக்கு அப்பால் சீன மருந்துக்கடையில் அது சீன நாட்டு மருந்தென விற்கப்படுகின்றது. அதிமதுரமும் அவ்வாறே இரு கடைகளிலும் கிடைக்கும். 1867-இல் நிறுவப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இன வேறுபாடின்றி ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளித்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

கற்பூரத்தின் வரலாறு இதனினும் நீண்டது. பச்சைக் கற்பூரம் சுமத்திராவிலும் போர்னியோவிலும் வளரும் மரத்தின் விளைபொருள். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம் அதற்குப் பெயர் பெற்றது. மலாய் மொழியில் கற்பூரத்துக்குக் காப்பூர் பாரூஸ் என்றே பெயர். அங்கே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு, கற்பூரம் விளையும் கரைக்கே தமிழ் வணிகர் சென்று தங்கியமைக்குச் சான்றாகும். வீட்டு மருந்து என்று நாம் போற்றுவதன் ஒரு பகுதி, தமிழர் சிங்கப்பூருக்குக் குடியேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கடல்களில் வாங்கி விற்கப்பட்டதே ஆகும்.

1918

வீட்டு மருந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் பெருமையையே எழுதுவர். அதன் எல்லையையும் எழுதுவதே முறை. அதற்கு 1918-ஆம் ஆண்டை நோக்க வேண்டும்.

அவ்வாண்டில் உலகைச் சூழ்ந்த இன்ஃபுளுவென்சா சிங்கப்பூரை இருமுறை தாக்கியது. முதல் அலை ஜூன், ஜூலை மாதங்களிலும், இரண்டாம் அலை அக்டோபர், நவம்பரிலும் வந்தன. மாண்டோர் குறைந்தது 2,870 பேர் என அண்மைக்கால ஆய்வு கணித்துள்ளது. மேலை நாடுகளின் இறப்பு வீதத்தை விட இது மிகுதி. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தொழில்வளம் குறைந்த நாடுகளின் வீதத்தை விடக் குறைவு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக மடிந்தனர்.

சுக்கும் மிளகும் அன்றும் கடையில் இருந்தன. அவை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் அன்றைய மேலை மருத்துவமும் காப்பாற்றவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா நச்சுயிரி 1933-இல்தான் கண்டறியப்பட்டது. நுரையீரல் அழற்சியைத் தணிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அப்போது இல்லை. மருத்துவர்களிடம் இருந்தவை ஆஸ்பிரினும் கொய்னாவும் படுக்கையுமே. அந்நிலையில் நோயாளிக்கு உதவக்கூடியது பேணுதல் ஒன்றுதான். வேளைக்குக் கஞ்சி, வெந்நீர், உலர்ந்த துணி, அருகில் ஓர் ஆள் என்பனவே அப்பேணுதல். மிளகு ரசத்தின் பயனில் பெரும்பங்கு அந்த ரசத்தைக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் இருந்தது. குடும்பத்தோடு வாழ்ந்தவனுக்கு அது கிட்டியிருக்கும். வரிசை வீட்டில் பத்துப் பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் வெந்நீர் வைப்பவர் யார்? கைமருத்துவம் என்னும் சொல்லில் வரும் கை எத்துணை இன்றியமையாதது என்பதை 1918-ஆம் ஆண்டே நன்கு உணர்த்துகின்றது.

இரண்டாவது பெருந்தொற்று 1957 மே மாதத்தில் வந்தது. இறப்பு முன்னையதைப் போன்றதன்று. ஆயின் நோயுற்றோர் எங்கும் நிறைந்திருந்தனர். அப்போது இங்கே பிரித்தெடுக்கப்பட்ட நச்சுயிரி ஏ/சிங்கப்பூர்/1/57 என்னும் பெயரால் உலக ஆய்வுக்கூடங்களில் அறியப்படுகின்றது. மூன்றாவது 1968 ஆகஸ்டில் வந்து சில வாரங்களில் அடங்கியது.

சரபத் கடை

வீடில்லாதவனுக்கு மருந்து காய்ச்சியவர் யார் என்னும் வினாவுக்கு ஒரு விடை சரபத் கடையில் உள்ளது. பாரசீக வழிச் சொல்லான சர்பத் தமிழ்நாட்டில் நன்னாரிச் சாறு கலந்த குளிர்பானத்தைக் குறிக்கும். சிங்கப்பூரிலோ அது இஞ்சியும் சர்க்கரையும் இட்டுக் காய்ச்சிய சூடான பானத்துக்குப் பெயராயிற்று. பொருள் முற்றிலும் எதிராகத் திரும்பிய இச்சொல் மொழியியலார் கவனத்துக்கும் உரியது. இந்திய முஸ்லிம்கள் நடத்திய இக்கடைகளில் இரவு நேரத்திலும் அடுப்பு எரிந்தது. தோளில் காவடிபோல் சுமந்து தெருத்தெருவாக விற்றவரும் உண்டு. பிற்காலத்தில் இஞ்சிச் சாறு பால் தேநீரில் கலக்கப்பட்டு, தே ஹாலியா என்னும் மலாய்ப் பெயர் பெற்றது. இன்று அதனை மூவினத்தாரும் அருந்துகின்றனர்.

ஊரின் சுக்குக் காப்பியும் இங்குள்ள தே ஹாலியாவும் ஒன்றல்ல. சுக்குக் காப்பியில் காப்பித்தூள் இல்லாமலும் இருக்கலாம். சுக்கு, மல்லி, மிளகு, பனைவெல்லம் ஆகியவற்றின் கஷாயமே அது. தே ஹாலியாவில் பச்சை இஞ்சி, வெள்ளைச் சர்க்கரை, டின்பால். மருந்து பானமாகிவிட்டது. ஆயினும் தொண்டை கரகரத்தால் கடைக்குச் சென்று அதனைக் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. இந்திய முஸ்லிம் கடைகளின் ஆட்டிறைச்சி சூப்பும் இவ்வாறே மருந்துக்கும் உணவுக்கும் இடையே நிற்பது. நம் மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் முல்லிகடானி ஆன கதையைப் பலர் எழுதிவிட்டனர். சரபத்தின் கதைக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

பாட்டிலில் அடைத்த ஆவி

பச்சிலை கடைக்கு வரவில்லை என்றோம். அதன் வெற்றிடத்தை நிரப்பியது பாட்டில் தைலம். வேது பிடிப்பதற்கு நொச்சி இல்லாத ஊரில் நீலகிரித் தைலம் இரண்டு துளி விடப்பட்டது. இத்தைலத்தின் பெயரும் நம்மை ஏமாற்றக் கூடியது. யூக்கலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியில் நடப்பட்டு, அம்மலையின் பெயரால் தமிழாயிற்று.

சிராங்கூன் கடைகளில் வேறு தைலங்களும் வந்து சேர்ந்தன. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் 1914-இல் சென்னைக்கு இடம் மாறித் தமிழர் வீடுதோறும் புகுந்தது. ரங்கூனில் தோன்றிய புலித் தைலத்தை ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் சகோதரர்கள் 1920களில் சிங்கப்பூரின் நீல் சாலைக்குக் கொண்டுவந்தனர். லியுங் யுன் சீ 1928-இல் இங்கே தொடங்கிய கோடாலித் தைலம் ஒரு ஜெர்மானிய மருத்துவரின் செய்முறையைக் கொண்டது என அந்நிறுவன வரலாறு கூறும். சீனர் ஒருவர், ஜெர்மானியர் குறிப்பின்படி, மலாய்த் துறைமுகத்தில் செய்த பொருள். அதனைத் தமிழர் கோடாலி என்று தம் மொழியில் அழைத்துக்கொண்டனர். ஊருக்குத் திரும்பும் சிங்கப்பூர்த் தமிழர் பெட்டியில் இது தவறாமல் இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வெளிநாட்டுச் சாமான் என்றால் கோடாலித் தைலமும் நினைவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. ஊரிலிருந்து மருந்து வந்த திசை இவ்வாறு மாறியது. நொச்சி வேலியில் நிற்க, பாட்டி சிங்கப்பூர்த் தைலத்துக்குக் காத்திருந்தாள்.

இத்தைலங்களின் பயனைப் பற்றியும் கூறியாக வேண்டும். மெந்தால் மூக்கினுள் குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றது. அடைப்பு நீங்கியது போன்ற உணர்வு தோன்றுகின்றது. ஆனால் மூச்சு செல்லும் வழி உண்மையில் அகல்வதில்லை. வேது பிடித்தலைப் பற்றிய ஆய்வுகளும் உறுதியான பயனை நிறுவவில்லை. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்த நிகழ்ச்சிகளோ பல நாடுகளில் பதிவாகியுள்ளன. உறக்கம் வராத இரவில் அவ்வுணர்வே ஒரு நன்மைதான். அதனை நோய் தீர்த்தல் என்று சொல்லாமல் ஆறுதல் என்று சொல்லுவதே நேர்மை.

ஆடாதோடை வேறொரு வழியாக இங்கு வந்தது. அதன் இலையிலிருந்து டேவிட் ஹூப்பர் 1888-இல் வாசிசின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதனை அடியொற்றி, 1960களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கி உருவாக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. வேலியோரம் கிடந்து கடலேற முடியாத இலை, வெள்ளை மாத்திரையாக மேலை மருந்துக் கடைக்குள் புகுந்துவிட்டது. வாங்குவோர் அதனை ஆடாதோடை என்று அறியார்.

குழந்தையும் கற்பூரமும்

இவ்வரலாற்றின் மிகக் கடினமான பகுதிக்கு இப்போது வருகின்றோம். சளி பிடித்த குழந்தையின் மார்பில் கற்பூரம் கலந்த எண்ணெயைத் தேய்ப்பதும், அதன் துணிகளுக்கிடையே பூச்சி உருண்டையை வைப்பதும், சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய் முதலியவற்றை உரைகல்லில் இழைத்து நாவில் தடவுவதும் தாய்மார் அன்போடு செய்தவை. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர்.

1950, 1960களில் சிங்கப்பூர்க் குழந்தை மருத்துவர்கள் ஒரு துயரத்தை எதிர்கொண்டனர். பிறந்த சில நாட்களில் கடும் மஞ்சள் காமாலை கண்டு, மூளை பாதிக்கப்பட்டுப் பல குழந்தைகள் இறந்தன, பிழைத்தவை ஊனமுற்றன. பேராசிரியர் வோங் ஹோக் பூன் முதலானோரின் ஆய்வுகள், ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்பட்டதையும், சில மூலிகைகளும் பூச்சி உருண்டையின் நாப்தலீனும் அவர்களுடைய இரத்தச் சிவப்பணுக்களை அழித்ததையும் காட்டின. 1965 முதல் இங்குப் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் இந்நொதிக்காகச் சோதிக்கப்பட்டு வருகின்றது. அதன் பின்னர் அத்துயரம் அருகியது. குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோரிடம் பூச்சி உருண்டை, கற்பூரம், சில மூலிகைகள் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு இன்றும் அறிவுறுத்தப்படுகின்றது.

பச்சைக் கற்பூரமும், வழிபாட்டுச் சூடமும், பூச்சி உருண்டையும் வெவ்வேறு பொருள்கள். மணமும் வெண்மையும் ஒத்திருப்பதால் வீடுகளில் அவை ஒன்றாகவே எண்ணப்பட்டன. வேலியில் பறிக்கும் இலையை அடையாளம் காணப் பாட்டிக்குத் தெரியும். கடையில் பொட்டலமாக வாங்கும் வெண்பொருளை அடையாளம் காண அவளுக்கு எந்த வழியும் இல்லை. மருந்து கடைச் சரக்கானதன் விலை இங்கேதான் தெரிகின்றது.

தேனைப் பற்றியும் இத்தகைய இரு பக்கங்கள் உண்டு. இருமலுக்குத் தேன் முதலில் கொடுத்துப் பார்க்கத்தக்கது என்று பிரித்தானிய மருத்துவ வழிகாட்டுதல் 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஓராண்டு நிறையாத குழந்தைக்கோ அது நஞ்சாகக் கூடும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி சிசுவின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கும். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் நம் வழக்கத்தை இனியும் தொடர்தல் ஆகாது.

சட்டமும் பொட்டலமும்

சிங்கப்பூர் அரசு சீன மருத்துவத்தை ஒழுங்குபடுத்தத் தலைப்பட்டபோது, சீனத் தயாரிப்பு மருந்துகள் 1999 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. சீன மருத்துவருக்கான பதிவுச் சட்டம் 2000-இல் நிறைவேறியது. சித்த, ஆயுர்வேத மருத்துவருக்கு அத்தகைய பதிவுச் சட்டம் இயற்றப்படவில்லை. இந்திய மரபு மருந்துகளை உரிமம் பெறாமல் விற்கலாம். ஆயின் ஈயம், பாதரசம், ஆர்செனிக் முதலியவற்றின் அளவுக்கு வரம்பு உண்டு. கேட்டுக்குப் பொறுப்பு விற்பவரைச் சாரும். தொகையிற் சிறிய சமூகத்தின் மருத்துவம் பெற்ற இந்தச் சலுகையைப் புறக்கணிப்பு என்றும் கூறலாம். பதிவு இல்லாத இடத்தில் பயிற்சியும் இல்லை. பயிற்சி இல்லாத இடத்தில் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எழுத்தே மருத்துவனாகிவிடுகின்றது.

2020-இல் இது கண்கூடாயிற்று. கோவிட் பரவியபோது தமிழக அரசு ஏப்ரல் மாதத்தில் கபசுரக் குடிநீர் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் 2012-இல் டெங்குவின்போது நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. 1918-இன் வரிசை வீட்டுக் கேள்வி நூறாண்டு கழித்து விடுதிகளில் மீண்டும் எழுந்தது எனலாம். ஆனால் இம்முறை நோயாளிக்கு உணவும் மருத்துவரும் அரசால் அனுப்பப்பட்டனர்.

கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்குகள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், கடுக்காய் ஆகிய பழைய கடைச் சரக்கோடு, ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு ஆகிய வேலித் தாவரங்களும் உலர்த்தி இடித்துச் சேர்க்கப்படுகின்றன. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கடலேறாதிருந்த பச்சிலை இவ்வாறு பொடியாகிக் கடைக்கு வந்துவிட்டது. இதனைப் பழந்தமிழரின் தொற்றுநோய்த் தடுப்பு மருந்து என விளம்பரம் செய்வோர் உளர். கபசுரம் என்பது நூல்களில் ஒருவகைக் காய்ச்சலுக்குரிய பெயர். 2020-இன் நச்சுயிரியை அந்நூல்கள் அறிந்திருக்க இயலாது. தடுப்பூசியின் இடத்தில் அதனை வைத்தல் நூலுக்கும் நீதியன்று, நோயாளிக்கும் நீதியன்று.

நிலவேம்பு மலாய் மக்களிடையே ஹெம்பெடு பூமி, அதாவது பூமியின் பித்தம், என வழங்கும். சீனரும் அதனைக் காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் கொள்வர். கசப்பில் மூவரும் ஒன்றுபட்டனர் போலும்!

தொட்டிச் செடி

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டபின் சிராங்கூன் சாலையின் தமிழ்க் குடும்பங்கள் படிப்படியாக அடுக்குமாடிகளுக்குப் பரவின. மண்ணோடு இருந்த எஞ்சிய தொடர்பும் அறுந்தது என்று நினைக்கத் தோன்றும். நிகழ்ந்தது வேறு. வீவக தாழ்வாரங்களில் வரிசையாக வைத்த தொட்டிகளில் துளசியும் வெற்றிலையும் கற்றாழையும் கற்பூரவல்லியும் வளர்ந்தன. 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபின் அடுக்குமாடிகளின் அடியிலும் மூலிகைப் பாத்திகள் தோன்றின. வான்வழிப் போக்குவரத்து பெருகியதால் தேக்காவில் பசுங்கீரையும் இலையும் வரத் தொடங்கியதும் இதற்குத் துணையாயிற்று. பெருமாள் கோயிலுக்கு அருகிலும் பஃபலோ சாலையிலும் மாலை கட்டுவோரிடம் துளசி என்றும் உண்டு. பூசைக்கு வாங்கியதில் ஒரு கைப்பிடி கஷாயத்துக்கும் போகும்.

இவற்றுள் கற்பூரவல்லியே இவ்வூருக்கு மிகவும் பொருந்தியது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் சிங்கப்பூரில் அது தழைத்து வளர்கின்றது. அதன் தடித்த இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனோடு கொடுப்பர், பஜ்ஜியாகவும் போடுவர். மலாய்க்காரர் பங்குன்-பங்குன் என்பர். சீனரும் இருமலுக்கு அதனைக் கொள்வர். விதை தேவையில்லை, ஒடித்த கிளையை மண்ணில் ஊன்றினால் சில நாட்களில் வேர்விடும். ஆதலால் இச்செடி பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுவதில்லை. பக்கத்து வீட்டு மலாய் மாதிடமிருந்தோ மேல்மாடிச் சீன முதியவரிடமிருந்தோ ஒரு கிளை கேட்டுப் பெறப்படுகின்றது. சில மாதங்களில் அதே தொட்டியிலிருந்து இன்னொரு கிளை வேறொரு கதவுக்குச் செல்கின்றது.